சோடியம் கலமும் மீன்வலை விளக்கும்: பழைய ரீபீ4056 பலகை போதுமா?

வினா: 2024 ஐப்பசி 9, மூதூர் வாசகர் ஒருவர்

ஐயா, 18650 அளவிலேயே சோடியம் அயன் கலங்கள் இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன. லித்தியம் கலங்களுக்கென வாங்கிய ரீபீ4056 மின்னேற்றும் பலகைகள் என்னிடம் பத்துக்கு மேல் கிடக்கின்றன. அளவு ஒன்றுதானே, கலத்தை மட்டும் மாற்றிப் போட்டால் போதுமா? உப்பிலிருந்து செய்த பற்றரி தீப்பிடிக்காது என்கிறார்கள். உண்மையா?

2024 ஐப்பசி 10

இரண்டு கேள்விக்கும் இல்லை என்பதே விடை.

ரீபீ4056 பலகை 4.2 வோல்ற் வரை ஏற்றிவிட்டுத்தான் நிறுத்தும். சந்தையில் கிடைக்கும் சோடியம் கலங்களின் மேல் எல்லை, தயாரிப்பாளரைப் பொறுத்து, 3.9 முதல் 4.1 வோல்ற் வரையில் இருக்கிறது. என்னிடமுள்ள கலத்தின் தரவுத்தாள் 4.0 என்கிறது. மீதி 0.2 வோல்ற்றை அற்பமென எண்ணக் கூடாது. அந்த மேலதிக அழுத்தத்தில் எதிர்மின்வாயின் மேல் சோடியம் உலோகமாகவே படியத் தொடங்கலாம், நேர்மின்வாய்ப் பொருளும் சிதைந்து வாயுவை வெளிவிடலாம்.

“உப்பு பற்றரி” என்ற பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். நான் இருக்கும் இடத்தின் பெயரே உப்புவெளி என்பதால், இங்கு எல்லோரும் அந்தப் பெயரை உடனே விரும்பி ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் கலத்தின் உள்ளே இருப்பது உப்புநீர் அன்று. லித்தியம் கலத்தில் உள்ளதைப் போன்ற, எளிதில் தீப்பற்றக்கூடிய சேதனக் கரைப்பானும் அதில் கரைந்த சோடியம் உப்பு ஒன்றுமே இருக்கின்றன. விமானச் சரக்கு விதிகளிலும் இவ்வகைக் கலங்கள் ஆபத்தான பொருள்களாகவே, 3551 என்ற ஐ.நா. இலக்கத்தின் கீழ் வருகின்றன. சூடேறும்போது லித்தியத்தைவிட நிதானமாக நடந்துகொள்ளும் வகைகள் உண்டென்பது மெய்தான். அதை வைத்துக்கொண்டு, குறுஞ்சுற்றாக்கினாலும் துளையிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

2024 ஐப்பசி 10, இரவு

காலையில் எழுதத் தவறியது ஒன்று. பலகையோடு சேர்ந்து வரும் டீடபிள்யூ01 பாதுகாப்புச் சில்லைப் பலர் காவலாக நம்புகிறார்கள். அது மேலே ஏறத்தாழ 4.3 வோல்ற்றிலும் கீழே ஏறத்தாழ 2.4 வோல்ற்றிலும்தான் துண்டிக்கும். ஆகவே சோடியம் கலத்தின் மேற்பக்கத்துக்கு அது காவலே அன்று. கீழ்ப்பக்கத்தில், 1.5 வோல்ற் வரை இறங்கக்கூடிய கலத்தை அது முன்கூட்டியே நிறுத்திவிடும். அதனால் கலத்துக்குத் தீங்கில்லை, நமக்குத்தான் கொஞ்சம் நட்டம்.

2024 ஐப்பசி 19

அந்தக் “கொஞ்சம்” எவ்வளவு என்று கேட்டு எழுதியிருந்தார்கள். சொல்லால் விடை தருவதைவிட அளந்தே தருவது நல்லது என்று இன்று முழுவதும் மேசையிலேயே இருந்தேன்.

1300 மில்லி அம்பியர் மணி எனக் குறித்த கலத்தை 4.0 வோல்ற்றுக்கு ஏற்றி, 10 ஓம், 5 வாற்று சீமெந்துத் தடையி ஒன்றின் ஊடாக இறக்கினேன். 10 ஓம் தடையியை எடுத்ததற்குக் காரணம், பல்மானியில் தெரியும் வோல்ற்றை நூறால் பெருக்கினால் அதுவே மில்லி அம்பியராகிவிடும். பத்து நிமிடத்துக்கொரு தடவை குறித்துக் கூட்டிக்கொண்டே போகலாம். 2.5 வோல்ற்றுக்கு வர மூன்று மணி நாற்பது நிமிடம் எடுத்தது. அங்கிருந்து 1.5க்கு இறங்க இன்னும் நாற்பத்தைந்து நிமிடம். ஆக, டீடபிள்யூ01 நமக்குத் தராமல் வைத்துக்கொள்வது எட்டில் ஒரு பங்குக்குக் கிட்ட.

எனக்கு இந்த இறக்க வரைகோடு பிடித்திருந்தது. லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுக் கலம் 3.2 வோல்ற்றிலேயே நெடுநேரம் நின்றுவிட்டுக் கடைசியில் திடீரென விழும். எவ்வளவு மிச்சம் என்பதை வோல்ற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. சோடியம் கலம் படிக்கட்டில் இறங்கும் முதியவரைப் போல ஒரே சீராக இறங்குகிறது. ஒரு தடையிப் பிரிப்பானும் நுண்கட்டுப்படுத்தியும் இருந்தால் மிச்சத்தை ஓரளவு நம்பிக்கையோடு காட்டிவிடலாம்.

பக்கத்து நகைக்கடைத் தராசில் நிறுத்தும் பார்த்தேன்: 37 கிராம். நல்ல லித்தியம் 18650 ஒன்று 45 கிராமுக்கு மேல் நிற்கும். ஆனால் எடை குறைவு என்று மகிழ முடியாது. 1.3 அம்பியர் மணியை 3.1 வோல்ற்றால் பெருக்கினால் 4 வாற்று மணி. அதாவது கிலோகிராமுக்கு 110 வாற்று மணிக்குச் சற்றுக் குறைவு. 3 அம்பியர் மணி லித்தியம் கலத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கிறது. சீனாவின் கற்ல் (CATL) நிறுவனம் 2021இல் தன் முதல் தலைமுறைச் சோடியம் கலத்துக்கு அறிவித்த 160 வாற்று மணி, வாகனங்களுக்கான பெரிய கலத்தின் கணக்கு. நம் கைக்கு வரும் சிறு உருளைகளிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

2024 கார்த்திகை 3

மின்னேற்றி பற்றி. திருகோணமலை மத்திய வீதிக் கடைகளில் சோடியத்துக்கென்று தனிப் பலகை எதுவும் இல்லை. முதலில், வோல்ற்றை ஒரே அளவில் நிறுத்தும் எல்எம்317 சீராக்கியை முயன்றேன்; 240 ஓம், 518 ஓம் விகிதத்தில் 3.95 வோல்ற் வரவேண்டும். கணக்கு சரி, யூஎஸ்பியின் 5 வோல்ற் போதவில்லை. அந்தச் சில்லுக்கு உள்ளீடு வெளியீட்டைவிட ஏறத்தாழ 2 வோல்ற் கூடுதலாக இருக்க வேண்டும்.

அடுத்து, வோல்ற்றுக்கு ஒன்றும் மின்னோட்டத்துக்கு ஒன்றுமாக இரண்டு திருகிகள் உள்ள, வோல்ற்றைக் குறைத்துத் தரும் இறக்கு மாற்றிப் பலகையை எடுத்தேன். சூரியத் தகட்டால் ஏற்றும்போது, தகடு நிழலில் போனதும் கலத்திலிருந்து பலகைக்கு மின் பின்னோக்கி ஒழுகுகிறது என்பதால், மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் ஷொட்கி இருவாயி ஒன்றை வெளியீட்டில் போட்டு, அதில் விழும் 0.3 வோல்ற்றை ஈடுசெய்யப் பலகையை 4.25க்கு உயர்த்தினேன். இப்படியே செய்யலாம் என்று பரிந்துரைக்கிறேன். கடலருகே வைப்பதாயின் கலத்தையும் சுற்றையும் சேர்த்து எப்பொக்சியில் முழுதாக ஊற்றி மூடிவிடலாம்.

2024 கார்த்திகை 5

முந்தைய குறிப்பின் இருவாயிப் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.

நேற்றிரவு ஏற விட்ட கலம் காலையில் 4.08 வோல்ற் காட்டியது. தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. ஆனாலும் என் கலத்தின் எல்லை 4.0. காரணத்தை யோசித்தபோது, இத்தனை ஆண்டுகளாக வானொலியும் ஒலிபெருக்கியும் திருத்தும் நான் மறந்திருக்கக் கூடாதது என்று மனம் கனத்தது. இருவாயியின் வீழ்ச்சி ஒரே அளவாக நிற்பதில்லை. ஓர் அம்பியர் ஓடும்போது 0.3க்கு மேல் விழும். கலம் நிரம்பி ஓட்டம் சில மில்லி அம்பியருக்குச் சுருங்கும்போது 0.2க்கும் கீழே போய்விடும். அப்போது பலகையின் 4.25இல் பெரும்பகுதி கலத்தின் மேலேயே நிற்கும். மெல்ல மெல்ல, இரவு முழுவதும்.

இருவாயி வேண்டுமாயின், பலகையை 3.95க்கு மேல் ஏற்றவே கூடாது. வீழ்ச்சியின் நட்டத்தை நாமே ஏற்க வேண்டும். கலம் முழுதாக நிரம்பாது என்பது சோடியத்துக்குக் கேடன்று.

2024 மார்கழி 12

வாடைக்காற்று ஓங்கிவிட்டது. திருக்கடலூரில் எனக்குத் தெரிந்த சம்மாட்டியார் (வள்ளச் சொந்தக்காரர்) ஒருவர் நேற்று ஒரு பிளாஸ்ரிக் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரவில் விரிக்கும் வலையின் மிதப்புகளில் கட்டும் சிறு விளக்குகள் அதில் பதினேழு. போன வாடைக்கு வாடியின் மூலையில் வைத்தவை. பங்குனியில் எடுத்தபோது ஒன்றுமே எரியவில்லையாம். திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு லித்தியம் கலம். பல்மானியில் 0.4, 0.1, 0.0. இரண்டில் மூடி வீங்கியிருந்தது. சூரியத் தகட்டில் வெயில் படாத மூன்று மாதத்தில், சுற்று உறிஞ்சும் சிறு துளி மின்னே கலத்தைக் கொன்றுவிட்டது.

சோடியம் கலத்தில் நான் தேடிக்கொண்டிருந்த பயன் இதுதான் என்று அந்த வாளியைப் பார்த்த பிறகே எனக்குத் தெளிவாயிற்று. விலை குறைவு என்பது இன்னும் சில்லறையில் நம்மை வந்தடையவில்லை. பனிக்குளிரிலும் வேலை செய்யும் என்று வெளிநாட்டார் புகழ்வது திருகோணமலையில் யாருக்கும் உதவாது. நமக்கு வேண்டியது, மறந்து மூலையில் போட்டாலும் சாகாத கலம்.

காரணம் உள்ளே இருக்கும் தகட்டில் இருக்கிறது. லித்தியம் கலத்தின் எதிர்மின்வாய் செம்புத் தகட்டின் மேல் பூசப்பட்டிருக்கும். அங்கே அலுமினியத்தை வைக்க முடியாது, ஏனெனில் லித்தியம் அலுமினியத்தோடு கலந்து உலோகக் கலவையாகிவிடும். கலம் பூச்சியத்தை நோக்கி இறங்கும்போது அந்தச் செம்பு கரைந்து, மறுபடி ஏற்றும்போது வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளேயே குறுஞ்சுற்றை உண்டாக்கும். சோடியம் அலுமினியத்தோடு அப்படிக் கலப்பதில்லை; ஆகையால் இரு பக்கமும் அலுமினியத் தகட்டையே வைக்கலாம், கரைவதற்குச் செம்பே இருக்காது.

படித்ததை நம்பி எழுதுவது போதாது. இரண்டு சோடியம் கலங்களை 10 ஓம் தடையியால் இறக்கி, பிறகு ஒரு கம்பித் துண்டால் இரு முனைகளையும் இணைத்து, நூலால் கட்டி, பழைய பிஸ்கற் தகரத்தில் போட்டு வைத்திருக்கிறேன். பங்குனியில் திறப்பேன். லித்தியம் கலத்தில் யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

2025 தை 8

காரீயம், அதாவது கிராபைற்று, பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் உலகத்தரமான காரீயம் கிடைக்கும் நாட்டில், சோடியம் பற்றரிக்கு அது உதவாதா என்பது கேள்வி. உதவாது. லித்தியம் அயன் காரீயத்தின் அடுக்குகளுக்கு இடையே புகுந்து அமரும். சோடியம் அயன் பயன்படும் அளவுக்கு அங்கே அமர்வதில்லை. அதற்கு ஒழுங்கற்று நெளிந்த அடுக்குகளையும் நுண்துளைகளையும் கொண்ட வன்காபன் வேண்டும். 2000ஆம் ஆண்டில் ஸ்ரீவன்ஸ், டான் என்ற இருவர் குளுக்கோசைக் கருக்கிப் பெற்ற வன்காபன் சோடியத்தை நன்கு ஏற்கிறது என்று காட்டிய பின்னரே இத்துறை வேகம் பிடித்தது. தேங்காய்ச் சிரட்டைக் கரியிலிருந்தும் வன்காபன் செய்யலாம் என்பதை நான் ஆசையோடு குறித்து வைக்கிறேன். சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி ஏற்றுமதி செய்வது நமக்குப் பழகிய தொழில்.

வீட்டு அடுப்பில் செய்து பார்க்கலாமா என்று கேட்கும் தம்பிக்கு: ஒட்சிசன் இல்லாமல் 1000 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். வேண்டாம்.

2025 மாசி 10

நேற்று முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என்று அமைச்சரே சொன்னார். 2022 பங்குனியில் பதின்மூன்று மணி நேரம் இருளில் இருந்தவர்களுக்கு இது சிறிய தடங்கல்தான். நான்கு சோடியம் கலங்களைத் தொடராக இணைத்த தொகுதியால் இணைய வழிச்செலுத்தியை ஓட்டினேன்.

தொடராக இணைப்போர் கவனிக்க வேண்டியது, நான்கு கலம் நிரம்பினால் 16 வோல்ற், தீர்ந்தால் 6 வோல்ற். இவ்வளவு அகன்ற வீச்சை 12 வோல்ற் கருவிகள் பெரும்பாலும் நேரடியாகத் தாங்கா. ஏற்றியும் இறக்கியும் கொடுக்கும் மாற்றி ஒன்று இடையே வேண்டும். ஈயப் பற்றரிக்கான சூரியக் கட்டுப்படுத்தி 14.4 வோல்ற்றில் நிறுத்துவதால் கலத்துக்கு 3.6 கிடைக்கும். நான் அப்படித்தான் ஏற்றுகிறேன். கலங்களுக்கிடையே சமன் பார்க்கும் பலகை இல்லாமல் தொடராக இணைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2025 பங்குனி 15

தகரத்தைத் திறந்தேன். கம்பித் துண்டில் பச்சைப் பூப்பு, கலத்தின் அடிப்பக்கத்தில் இரண்டு துருப்புள்ளிகள். இரண்டும் பூச்சியம். மூன்று மாதம்.

முதல் அரை மணிக்கு 50 மில்லி அம்பியர் மட்டும் கொடுத்தேன். வோல்ற் மெல்ல எழுந்து 1.5ஐத் தாண்டியது, பிறகு வழமைபோல் 3.95 வரை ஏற்றி ஓர் இரவு வைத்தேன். காலையில் இரண்டும் 3.9க்கு மேல் நின்றன. அதே 10 ஓம் தடையியால் இறக்கியபோது ஐப்பசியில் எடுத்த நேரத்தைவிட ஒன்று எட்டு நிமிடமும் மற்றது பதினொரு நிமிடமும் குறைவு. நான்கரை மணி நேரத்தில் இது பெரிதன்று. சம்மாட்டியாருக்குத் தொலைபேசியில் சொன்னபோது, “அப்ப இந்த முறை வாளி எறியத் தேவையில்லை” என்றார்.

இதை வைத்து எல்லாச் சோடியம் கலமும் இப்படித்தான் என்று நான் எழுதமாட்டேன். தரவுத்தாளில் பூச்சிய வோல்ற் சேமிப்புப் பற்றி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தரவுத்தாளே தராத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

2025 பங்குனி 16

கார்த்திகை 3இல் எழுதிய எப்பொக்சி யோசனையும் பிழை. உருளைக் கலத்தின் நேர்முனைத் தொப்பியின் கீழ் வாயு வெளியேறும் வழி உண்டு. முழுதாக ஊற்றினால் அது அடைபடும். உள்ளே அழுத்தம் கூடினால் போக இடமிராது. சுற்றுப்பலகையை மட்டும் ஊற்றுங்கள். கலத்தை இறப்பர் வளையம் உள்ள மூடியோடு தனி அறையில், மேலே காற்றிடம் விட்டு வையுங்கள். இதைப் பின்பற்றி யாராவது ஏற்கெனவே ஊற்றியிருந்தால், அந்த விளக்கை வீட்டுக்குள் வைத்து மின்னேற்ற வேண்டாம்.

2025 வைகாசி 4

சம்மாட்டியாரின் வலைக்குச் சோடியம் கலத்தில் ஓடும் மிதப்பு விளக்கின் சுற்றை விரிவாகக் கேட்டார்கள்.

ஈஎஸ்பி32 என்ற, வானலை வசதியுள்ள சில்லை இதில் போட விரும்புவோருக்கு: அதன் தொகுதிக்கு 3.0 முதல் 3.6 வோல்ற் வேண்டும். நிரம்பிய கலம் அதற்கு மிகை, 3.0ஐத் தாண்டி இறங்கியதும் குறை. ஏஎம்எஸ்1117 சீராக்கி தனக்கே ஒரு வோல்ற்றுக்கு மேல் எடுத்துக்கொள்வதால் அது இங்கு உதவாது. ரீபீஎஸ்63020 போன்ற ஏற்றி இறக்கும் மாற்றி 1.8 வோல்ற்றிலிருந்தே வேலை செய்யும். வானலையில் பேசும் கருவிக்கு அதுவே வழி. மலிவான எம்ரீ3608 ஏற்றிக்கு 2 வோல்ற் வேண்டும். கலம் இறங்க இறங்க அது இன்னும் கூடுதல் ஓட்டத்தை இழுக்கும் என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் மிதப்பு விளக்குக்கு இவை எதுவும் தேவையில்லை. ஏரீமெகா328பீ என்ற பழைய சில்லு, 4 மெகாஹேர்ட்சுக்கு மேற்படாத வேகத்தில், 1.8 முதல் 5.5 வோல்ற் வரை ஓடும். 4.0இலிருந்து இறங்கும் சோடியம் கலத்தை அதில் நேராக இணைக்கலாம். சீராக்கியே இல்லை, சீராக்கி இல்லாததால் அது வீணே குடிக்கும் மின்னும் இல்லை. புதிய சில்லுகளின் பின்னே ஓடும் எனக்கு இந்தப் பொருத்தம் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது.

வெள்ளை எல்ஈடிக்கு 3 வோல்ற் வேண்டுமே என்றால், அதற்கு, மின்னைச் சிறிது நேரம் தேக்கி வைக்கும் ஒரு கொள்ளளவி போதும். 470 மைக்ரோ பரட் கொள்ளளவியை இரு மினுக்கங்களுக்கு இடையே இருவாயி வழியாக நிரப்பி, மினுக்கும் கணத்தில் அதன் கீழ்முனையைச் சில்லின் கால் ஒன்றால் உயர்த்தினால், கலமும் கொள்ளளவியும் தொடராக நின்று ஏறத்தாழ இரட்டிப்பு வோல்ற்றைத் தரும். எல்ஈடியின் மறுமுனையை நிலத்தில் இணைக்காமல் இன்னொரு காலில் இணைத்து, நிரப்பும் நேரத்தில் அந்தக் காலையும் உயர்த்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நிரம்பிய கலத்தில் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். எல்ஈடியோடு தடையி ஒன்று கட்டாயம். ஒரு காலத்தில் எல்எம்3909 என்ற சில்லு ஒற்றை 1.5 வோல்ற் கலத்தில் விளக்கை மினுக்கியதும் இந்த முறையில்தான். சராசரி ஓட்டம் என் மேசையில் ஒரு மில்லி அம்பியருக்குக் கீழேயே நின்றது. 1300 மில்லி அம்பியர் மணியில் ஐம்பது நாளுக்கு மேல் வெயிலே இல்லாமல் மினுக்கலாம்.

2025 ஆனி 21

இப்படிச் செய்த ஆறு விளக்குகள் ஒரு மாதமாகக் கடலில். ஒன்று போய்விட்டது, கலத்தால் அன்று, மூடியின் இறப்பர் வளையம் நழுவிக் கடல்நீர் புகுந்ததால். திறந்தபோது நேர்முனையின் நிக்கல் பூச்சு முழுவதும் கரைந்து, கீழே பழுப்புச் சேறாகக் கிடந்தது. இணைப்புக் கம்பி கையோடு வந்தது. உப்புநீரில் இரு முனைகளும் நனைந்தால் கலமே தன்னைத் தின்றுவிடும், அது எந்த அயனாக இருந்தாலும்.

சூடும் கவலை தருகிறது. நண்பகலில் மணலில் கிடந்த கறுப்புப் பெட்டியின் உட்புறம் 58 பாகை. என் தரவுத்தாள் 45க்கு மேல் மின்னேற்ற வேண்டாம் என்கிறது. பெட்டிகளுக்கு வெள்ளைப் பூச்சு அடித்து, சூட்டை உணரும் வெப்பத் தடையி ஒன்றைச் சேர்த்து, சூடு கூடினால் சூரியத் தகட்டைத் துண்டிக்கும்படி சில்லில் மாற்றி எழுதியிருக்கிறேன்.

2025 ஆடி 13

மூதூர் வாசகர் மீண்டும் எழுதியிருக்கிறார்: இவ்வளவும் படித்தேன், நான் எதை வாங்கட்டும்?

ரீபீ5000 என்ற பலகையை வாங்குங்கள், ஐயா. அது 4.2, 3.6 என்ற இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் வசதி உடையது; லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுக்கான 3.6இல் வையுங்கள். பலகையில் எழுதியிருப்பதை நம்பாமல், முதல் தடவை கலம் நிரம்பும்வரை பக்கத்திலிருந்து பல்மானியால் பாருங்கள். சோடியம் கலம் முழுதாக நிரம்பாது, ஒரு பகுதியை இழப்பீர்கள். ஆனால் திருகியைத் தவறுதலாகத் திருப்பவும் முடியாது, இருவாயியின் வீழ்ச்சியைக் கணக்கிடவும் வேண்டாம். நானே இப்போது கடலுக்குப் போகும் விளக்குகளுக்கு இதைத்தான் போடுகிறேன். நன்கு இறங்கிய கலத்தில் தொடக்கத்தில் மிக மெதுவாக ஏறும்; பழுதென்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள். உங்களிடமுள்ள பத்து ரீபீ4056 பலகைகளையும் லித்தியம் கலங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். கலங்களின் மேல் நிறப் பட்டி சுற்றுங்கள். நான் சோடியத்துக்கு நீலம் சுற்றுகிறேன்.

2025 ஆடி 14

சம்மாட்டியார் இன்று காலை வந்தார். இரவில் பக்கத்து வள்ளங்களின் விளக்குகளும் ஒன்றுபோலவே மினுக்குவதால் தன் வலை எதுவெனத் தெரியவில்லையாம். இரண்டு சிறு மினுக்கம், ஒரு நீண்ட மினுக்கம் என மாற்றித் தரக் கேட்டார். நீண்ட மினுக்கத்துக்கு 470 மைக்ரோ பரட் போதாது. 1000 போட்டுப் பார்த்தேன், கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்து விளக்குகளையும் மேசையில் திறந்து வைத்திருக்கிறேன். மாலைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும், அவர் நாலரைக்குத் தொழிலுக்கு இறங்குகிறார்.